புது மருத்துவமனை திறக்கும் முன் ஊழியர்களைத் தயார் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

இருபது வருடம் ஐசியுவில் வேலை பார்த்த செவிலியருக்கு வென்டிலேட்டரைப் பற்றி நாம் புதிதாகச் சொல்லித்தர அதிகம் இருக்காது. ஆனால் அவர் நேற்றுச் சேர்ந்த கட்டடத்தில் ஆக்சிஜன் வால்வு எந்தச் சுவரில் இருக்கிறது, ரத்தம் கேட்டால் யார் எடுத்து வருவார், ராத்திரி இரண்டு மணிக்கு லிஃப்ட் நின்றுபோனால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. புது மருத்துவமனையின் முதல் மாதச் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களிலிருந்துதான் கிளம்புகின்றன.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறப்புக்கு முந்தைய பயிற்சியை ஊழியர்களுக்கு எடுக்கும் பாடமாக மட்டும் பார்க்காதீர்கள். கட்டடத்தையும் கருவிகளையும் நடைமுறைகளையும் அந்த ஊழியர்களை வைத்தே சோதித்துப் பார்க்க உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அது. கீழே உள்ள படிகள் எல்லாத் துறைகளும் உள்ள ஒரு மருத்துவமனையை மனதில் வைத்து எழுதியவை. உங்களுடையது சிறியது என்றால் படிகளைச் சுருக்கிக்கொள்ளலாம், ஒத்திகையை மட்டும் வெட்ட வேண்டாம்.

படி 1: தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கட்டட ஒப்பந்ததாரர் சாவியைக் கொடுக்கும் நாளும் முதல் நோயாளி வரும் நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் ஊழியர்கள் உள்ளே போய்ப் பழக, பொருட்களை அடுக்க, ஒத்திகை பார்க்கக் குறைந்தது சில வாரங்களாவது வேண்டும். பெரிய மருத்துவமனை என்றால் சில மாதங்கள். கட்டுமானம் எப்படியும் தாமதமாகும். தாமதமானால் முதலில் காவு போவது பயிற்சிக்கு ஒதுக்கிய வாரங்கள்தான், ஏனென்றால் திறப்பு விழாத் தேதி ஏற்கெனவே பத்திரிகையில் வந்திருக்கும்.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. "இவையெல்லாம் முடியாமல் திறக்க மாட்டோம்" என்று ஒரு பட்டியலை ஆரம்பத்திலேயே எழுதி, நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எத்தனை சதவீத ஊழியர்கள் பயிற்சி முடித்திருக்க வேண்டும், எந்தெந்த ஒத்திகைகள் நடந்திருக்க வேண்டும், எந்தச் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். "வேண்டாம், தள்ளிப்போடுங்கள்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதையும் பெயர் போட்டு எழுதுங்கள்.

தள்ளிப்போடுவது அவமானம் என்று நினைப்பவர்களுக்கு எடின்பரோ நல்ல உதாரணம். அங்கே குழந்தைகளுக்கும் இளையோருக்குமான புதிய அரச மருத்துவமனைக்கு நோயாளிகளை மாற்ற 2019 ஜூலையில் எல்லாம் தயாராக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் காற்றோட்டம் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று தெரிந்து, சில நாட்களுக்கு முன்பு மாற்றத்தை நிறுத்தினார்கள். முழுமையாகக் குடிபோனது 2021 மார்ச்சில். இப்படித் தள்ளிப்போனால் ஊழியர் பக்கமும் ஒரு விலை இருக்கிறது: கொடுத்த பயிற்சி பழசாகிவிடும். தேதி மாறினால் மறுபயிற்சிக்கு எத்தனை நாள், எவ்வளவு பணம் என்பதையும் திட்டத்தில் முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

படி 2: ஆட்களை அலை அலையாகச் சேருங்கள்

எல்லோரையும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்த்தால் சம்பளமும் வீண், குழப்பமும் மிச்சம். முதல் அலையில் வர வேண்டியவர்கள் நர்சிங் கண்காணிப்பாளர், துறைத் தலைவர்கள், தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர், பார்மசி பொறுப்பாளர், பயோமெடிக்கல் இன்ஜினியர். நடைமுறைகளை எழுதப் போவது இவர்கள்தான். அடுத்து வார்டு பொறுப்பாளர்களும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய மூத்த செவிலியர்களும். மீதிப் பேர் கடைசியில் வரலாம்.

இந்தக் கணக்கைக் கெடுக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதங்கள். மூன்றாவது ஊசி போட்டு ஒன்று இரண்டு மாதம் கழித்துத்தான் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க முடியும். முன்பு ஊசி போடாத ஒருவர் திறப்புக்கு ஒரு மாதம் முன்பு சேர்ந்தால், பாதிப் பாதுகாப்போடுதான் ரத்தமும் ஊசியும் கையாளப் போகிறார். வேலை உறுதியானவுடனே, சேரும் நாளுக்குக் காத்திருக்காமல், முதல் ஊசியைப் போட ஏற்பாடு செய்யுங்கள். துப்புரவு ஊழியர்களுக்கும் சேர்த்துத்தான். குப்பைப் பையில் கிடக்கும் ஊசி குத்துவது பெரும்பாலும் அவர்கள் கையில்.

பழைய மருத்துவமனையிலிருந்து புதியதற்கு மாறுகிறீர்கள் என்றால் நிலைமை இன்னும் இறுக்கம். அதே ஊழியர்கள் பழைய இடத்தில் டியூட்டி பார்த்துக்கொண்டே புது இடத்தில் பயிற்சிக்கு வர வேண்டும். அவர்கள் பயிற்சியில் இருக்கும் நேரத்துக்கு மாற்று ஆள் வைக்கப் பணம் ஒதுக்கவில்லை என்றால், ராத்திரி டியூட்டி முடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்காருவார்கள். அந்தப் பயிற்சி கணக்குக்கு மட்டும்தான்.

படி 3: பத்து ஊர்ப் பழக்கத்தை ஒரே பழக்கமாக்குங்கள்

புது மருத்துவமனைக்கு ஆட்கள் பல இடங்களிலிருந்து வருவார்கள். ஒவ்வொருவரும் தான் பழகியதே சரி என்று நினைப்பார்கள். அவரவர் இடத்தில் அது சரியும்கூட. ஆபத்து, இரண்டு சரியான முறைகள் ஒரே படுக்கையருகில் சந்திக்கும்போது வருகிறது. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தை ஒருவர் ஒரு அடர்த்தியில் கலந்து வைத்துவிட்டுப் போக, அடுத்த ஷிப்டில் வருபவர் தன் பழைய இடத்து அடர்த்தி என்று நினைத்து வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அவசரக் குறியீடுகளும் இப்படித்தான். 'கோட் பிளாக்' என்றால் ஆஸ்திரேலியாவில் ஊழியர்களுக்கு ஒருவர் மிரட்டலாக இருக்கிறார் என்று பொருள். அமெரிக்காவின் பல மருத்துவமனைகளில் அது வெடிகுண்டு மிரட்டல். இரண்டு இடத்திலும் வேலை பார்த்தவர்கள் உங்களிடம் ஒரே ஷிப்டில் இருந்தால்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதயம் நின்றால் ஓடி வரும் குழுவைக் கூப்பிட மருத்துவமனைக்கு மருத்துவமனை வெவ்வேறு தொலைபேசி எண்கள் இருந்தன. 2004இல்தான் 2222 என்ற ஒரே எண்ணுக்கு எல்லோரும் மாற வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள்.

எனவே இவற்றைத் திறப்புக்கு வெகு முன்பே முடிவு செய்து, அடையாள அட்டைக்குப் பின்னால் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்: அவசர எண், குறியீடுகளின் பொருள், தீ விபத்தில் செய்ய வேண்டியது. அதிக ஆபத்துள்ள மருந்துகளின் அடர்த்தியை மருத்துவமனை முழுக்க ஒன்றாக்கி, மருந்து செலுத்தும் பம்ப்பிலேயே பதித்துவிடுங்கள். கிராஷ் கார்ட்டின் (அவசர மருந்தும் கருவியும் வைத்த தள்ளுவண்டி) ஒவ்வொரு இழுப்பறையும் எல்லா வார்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். நோயாளியை ஷிப்ட் மாற்றும்போது ஒப்படைக்கும் முறையும் ஒன்றே: இப்போதைய நிலை, பின்னணி, என் மதிப்பீடு, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு தலைப்பு போதும்.

மற்ற நடைமுறைகளைத் துறைவாரியாக எழுதத் தொடங்கினால் ஒவ்வொரு துறைக்கும் ஒரு தடித்த கோப்பு வரும், யாரும் படிக்க மாட்டார்கள். நோயாளியின் பயணத்தை வைத்து எழுதுங்கள். நெஞ்சுவலியோடு வருபவர் வாசலிலிருந்து ஆஞ்சியோ அறைக்குப் போகும் பாதை. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காதவர் அறுவை சிகிச்சைத் தியேட்டருக்குப் போகும் பாதை. காய்ச்சலோடு வரும் தொற்றுச் சந்தேகக் குழந்தை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகிறவர். இறந்தவரின் உடல் வார்டிலிருந்து பிணவறைக்குப் போகும் பாதை (இதை யோசிக்காமல் விட்டுவிட்டு, கடைசியில் பார்வையாளர் லிஃப்டில் கொண்டுபோகும் நிலை வரும்). ஒவ்வொரு பயணத்திலும் ஒரு துறை முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் விரலை வைத்து, "இந்த இடத்தில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது யார்?" என்று கேளுங்கள். இரண்டு துறைத் தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தால் அங்கே வேலை இருக்கிறது.

படி 4: யாருக்கு என்ன பயிற்சி

ஒரு பெரிய அட்டவணை போடுங்கள். இடது பக்கம் பணிகள், மேலே பயிற்சிகள், கட்டத்தில் தேதியும் கையெழுத்தும். மருத்துவர், செவிலியரோடு நிறுத்திவிடாமல் செக்யூரிட்டி, வரவேற்பு, சமையலறை, துப்புரவு, ஒப்பந்த ஊழியர்கள் எல்லோரும் அதில் இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் பொதுவானவை: கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள், தீ, அவசரக் குறியீடுகள், ஊசி குத்தினால் செய்ய வேண்டியது, கோபத்தோடு வரும் உறவினர்களைக் கையாள்வது. ஊசி குத்திய விஷயத்தில் ஒரு எண்ணை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த மருந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எந்த அலமாரியில் கிடைக்கும் என்பதும் அந்தப் பயிற்சியில் சேர்த்திதான்.

தீ விபத்தில் வரிசை முக்கியம்: ஆபத்தில் இருப்பவரை வெளியே எடு, எச்சரிக்கை மணி அடி, கதவைச் சாத்து, முடிந்தால் அணை. மற்றக் கட்டடங்கள் போல எல்லோரையும் படியில் இறக்க மருத்துவமனையில் முடியாது. வென்டிலேட்டரில் இருப்பவரை அதே தளத்தில் அடுத்த தீத்தடுப்புப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போவதுதான் முதல் கட்டம். எந்தக் கதவு தீத்தடுப்புக் கதவு, வார்டின் ஆக்சிஜன் வால்வை மூட யாருக்கு அனுமதி, மூடினால் அந்தப் பக்கம் யாரெல்லாம் ஆக்சிஜனில் இருக்கிறார்கள் என்று யார் பார்ப்பார்கள்? இதைக் காகிதத்தில் சொல்லிப் பயனில்லை, நின்று காட்ட வேண்டும்.

கருவிப் பயிற்சிக்கு நிறுவன ஆட்கள் வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போவார்கள். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொருவரும் தன் கையால் பம்ப்பில் மருந்து ஏற்றி, இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரைச் சார்ஜ் செய்து காட்ட வேண்டும். புதுக் கட்டில்களையும் மறக்க வேண்டாம். காற்று மெத்தை உள்ள கட்டிலில் இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். வளர்ந்தவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற அளவெல்லாம் கட்டில் ஒத்துழைத்தால்தான். காற்றை உடனே இறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே தொட்டுக் காட்ட வைக்கலாம்.

கணினி மென்பொருள் பயிற்சியை ரொம்ப முன்பே கொடுத்தால் மறந்துவிடுவார்கள். திறப்புக்கு முந்தைய நான்கைந்து வாரம் சரியான காலம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பயிற்சியின்போதே வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொரு வார்டிலும் நன்றாகத் தெரிந்த ஒருவராவது இருக்கும்படி ரோஸ்டர் போடுங்கள்.

படி 5: கட்டடத்தைக் காலால் படிக்க வையுங்கள்

சுற்றிக் காட்டும் வழக்கமான முறையில் முன்னால் ஒருவர் பேசிக்கொண்டே போவார், பின்னால் இருபது பேர் போனைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். அதற்குப் பதில் ஒரு தேடல் தாளைக் கொடுத்து இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். அருகிலுள்ள கிராஷ் கார்ட், ஆக்சிஜன் வால்வு, ஜெனரேட்டர் மின்சாரம் வரும் பிளக், கண் கழுவும் இடம், அழுக்குத் துணி அறை, ரத்த வங்கிக்குக் குறுக்கு வழி எல்லாவற்றையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். பகலில் ஒரு முறை, விளக்கணைத்த ராத்திரியில் ஒரு முறை. ராத்திரியில் எந்தெந்தக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பது அப்போதுதான் தெரியும்.

இதே நாட்களில் துப்புரவு ஊழியர்களுக்கு ஒரு வேலை கட்டாயம் இருக்கிறது. ஆள் இல்லாத கட்டடத்தில் குழாய் நீர் தேங்கினால் நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். 20 முதல் 45 டிகிரி வெப்பம் அதற்குப் பிடித்த அளவு. எல்லாக் குழாயையும் ஷவரையும் குறைந்தது வாரம் ஒரு முறையாவது திறந்துவிட்டு, தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "இன்னும் யாரும் வரவில்லையே, எதற்கு?" என்று கேட்பார்கள். காரணத்தைச் சொல்லுங்கள், செய்வார்கள்.

படி 6: ஒத்திகை

இந்த ஒரு படிக்காக மற்ற எல்லாவற்றையும் அவசரமாக முடித்தாலும் பரவாயில்லை என்பேன். மூன்று கட்டமாகச் செய்யலாம். முதலில் மேசையில் வரைபடத்தை விரித்துப் பேசிப் பார்ப்பது. அப்புறம் ஒவ்வொரு வார்டிலும் உண்மையான அறையில், உண்மையான கருவியோடு, பொம்மையை நோயாளியாக வைத்துச் செய்வது. கடைசியாக மருத்துவமனை முழுக்க ஒரு நாள் வாழ்ந்து பார்ப்பது: தன்னார்வலர்கள் நோயாளிகளாக வாசலில் வந்து பதிவு செய்து, லேப்புக்குப் போய், மாத்திரை வாங்கி வெளியே போக வேண்டும்.

என்னென்ன ஒத்திகை பார்ப்பது? லிஃப்டுக்குள் ஒருவர் மயங்கி விழுகிறார். வாகன நிறுத்தத்தில் ஒருவருக்கு மாரடைப்பு; குழுவுக்கு அந்த இடத்துக்கு வழி தெரியுமா, கார்ட் அந்தச் சரிவில் உருளுமா? வார்டில் இதயம் நின்றால் மூன்று நிமிடத்துக்குள் ஷாக் கொடுக்க முடிகிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். ராத்திரி மூன்று மணிக்கு அதிக ரத்தப்போக்கு. போன் செய்ததிலிருந்து ரத்தப் பை படுக்கையருகில் வரும்வரை எவ்வளவு நேரம்? மின்சாரம் போகிறது. மென்பொருள் படுத்துவிடுகிறது, காகிதப் படிவங்கள் எங்கே? வென்டிலேட்டர், நான்கு பேர், கட்டில் எல்லாம் சேர்ந்து லிஃப்டுக்குள் நுழைகிறதா? பல கட்டடங்களில் இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில், "கதவு சாத்தவில்லை".

எம்ஆர்ஐ அறையைத் தனியாகச் செய்யுங்கள். 2001இல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கேனுக்குள் இருந்த ஆறு வயதுச் சிறுவனை நோக்கி இரும்பு ஆக்சிஜன் சிலிண்டர் காந்தத்தால் இழுக்கப்பட்டு, அவன் இறந்துபோனான். அவசரத்தில் உதவிக்கு ஓடி வருபவர்களால்தான் இங்கே ஆபத்து. நோயாளியை வெளியே இழுத்து வந்த பிறகே உயிர்ப்பிப்பு. கோட் ப்ளூ குழு (இதயம் நின்றால் ஓடி வருபவர்கள்), செக்யூரிட்டி, தீயணைப்பு வீரர்கள் எல்லோருக்கும் அந்தக் கதவில் நிற்கப் பழக்குங்கள். காந்தம் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும், மின்சாரம் போனாலும்.

வாயுக் குழாய்களைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிட்னியின் பேங்ஸ்டவுன் லிட்கோம் மருத்துவமனையில் 2016இல் பச்சிளம் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் என்று நினைத்து மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கப்பட்டது. குழாய் தவறாக இணைக்கப்பட்டிருந்தது. ஒரு குழந்தை இறந்தது, இன்னொன்றுக்கு மூளைப் பாதிப்பு. ஒப்பந்ததாரர் தந்த சான்றிதழ் கையில் இருந்தாலும், ஒவ்வொரு ஆக்சிஜன் முனையிலும் ஆக்சிஜன் அளவுமானியை வைத்து உங்கள் ஆட்களே பார்க்க வேண்டும், மயக்க மருந்து மருத்துவர் உடன் இருக்க. கூடவே ஒத்திகையில் இதையும் ஒரு காட்சியாக வையுங்கள்: ஆக்சிஜன் கொடுத்தும் நோயாளியின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஏறவில்லை. குழு சுவரிலுள்ள வாயுக் குழாயைச் சந்தேகித்துச் சிலிண்டருக்கு மாறுகிறதா? பெரும்பாலோர் நோயாளியையும் மானிட்டரையும்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

தியேட்டரில் முதல் ஒத்திகையிலிருந்தே உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படித்துப் பழகட்டும். மயக்கம் கொடுக்கும் முன், வெட்டும் முன், தியேட்டரை விட்டுப் போகும் முன் என மூன்று நிறுத்தம். பொம்மையிடம் வெட்கப்பட்டு விட்டுவிட்டால் நோயாளியிடமும் விட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு ஒத்திகைக்கும் பிறகு உட்கார்ந்து பேசுங்கள். யார் தப்பு என்ற பேச்சு வரக்கூடாது. கண்ட குறைகளை ஒரே பதிவேட்டில், ஆபத்தின் அளவு, சரிசெய்ய வேண்டியவர், கெடு என்று எழுதுங்கள். உயிருக்கு ஆபத்தான குறை ஒன்று சரிசெய்யாமல் இருந்தாலும் படி 1இல் கையெழுத்து வாங்கிய பட்டியல் வேலைக்கு வரும். குறை சொன்ன ஊழியருக்கு அது சரியானதைத் திரும்பக் காட்டுங்கள். காட்டாவிட்டால் அடுத்த ஒத்திகையில் வாயைத் திறக்க மாட்டார்.

படி 7: கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள்

பெர்த் நகரின் பியோனா ஸ்டான்லி மருத்துவமனை 2014 அக்டோபரில் மறுவாழ்வுச் சிகிச்சையோடு தொடங்கி, 2015 பிப்ரவரியில்தான் அவசர சிகிச்சைப் பிரிவைத் திறந்தது. அந்த வரிசையில் தர்க்கம் இருக்கிறது. நிலைமை சீராக உள்ள நோயாளிகளோடு உணவு, துணி, மருந்து, லேப் எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, நேரம் சொல்லாமல் வரும் நோயாளிகளுக்குக் கதவைத் திறப்பது. புறநோயாளிப் பிரிவு, திட்டமிட்ட அறுவை சிகிச்சை, உள்நோயாளி, கடைசியில் அவசரப் பிரிவு என்று நீங்களும் போகலாம். முதல் வாரங்களில் தியேட்டர் பட்டியலைப் பாதியாக்குங்கள், வார்டில் ஆட்களைக் கூட்டுங்கள்.

பழைய இடத்திலிருந்து நோயாளிகளை மாற்றும் நாளில் ஒரே ஒருவர் கையில் கட்டளை இருக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் கிளம்பிய நேரம், வந்த நேரம், உடன் வந்தவர் என்று எழுதுங்கள். புது அவசரப் பிரிவு திறந்து ஓடத் தொடங்கும்வரை பழையதை மூட வேண்டாம்.

ரிப்பன் வெட்டும் விழாவை முதல் நோயாளி வரும் நாளில் வைக்கவே வேண்டாம். வரவேற்புக்கு நிற்கும் செவிலியர் வார்டில் இருக்க மாட்டார்.

படி 8: முதல் இரண்டு வாரம்

ஒரு கட்டுப்பாட்டு அறை இரவும் பகலும் இயங்கட்டும். காலையும் மாலையும் எல்லாத் துறையும் பதினைந்து நிமிடம் நின்றுகொண்டே பேசினால் போதும்: நேற்று என்ன தடங்கல், இன்று எது ஆபத்து, யார் பார்க்கிறார். தளத்துக்கு ஒருவர் வெறுமனே சுற்றி வந்து உதவி செய்ய வேண்டும். மென்பொருள், கருவி, குழாய் எதுவானாலும் கேட்க ஒரே எண்.

ஆள் போதவில்லை என்று இரட்டை ஷிப்ட் போடும் ஆசை இந்த வாரங்களில்தான் வரும். புது இடத்தில் எல்லாவற்றையும் யோசித்து யோசித்துச் செய்வதால் எட்டு மணி நேரமே பன்னிரண்டு போலக் களைப்பாக்கும். ஓய்வைத் தொடாதீர்கள்.

திறந்து ஒரு மாதம் ஆனதும் அட்டவணையைத் திரும்ப எடுத்து, பயிற்சியில் விடுபட்டவர்களையும் பிறகு சேர்ந்தவர்களையும் பிடியுங்கள். ஒத்திகைப் பதிவேட்டை மருத்துவமனையின் நிரந்தரத் தரக்குழுவிடம் ஒப்படையுங்கள். மூன்றாம் மாதத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் கோட் ப்ளூ ஒத்திகையை மறுபடி நடத்துங்கள், ராத்திரி ஷிப்டில் தொடங்கி. பகலில் பயிற்சி எடுத்தவர்களில் பாதிப் பேர் அப்போது டியூட்டியில் இருக்க மாட்டார்கள்.